சிலோன் கடனை ஹட்டன் லயம் ஏன் அடைக்கணும்?

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த குடும்பங்களில் பலருக்கும் இலங்கைத் தேயிலை மலையில் இருக்கும் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பெரியம்மாவோ மாமாவோ இன்னும் இருக்கிறார்கள். இலங்கைக்கு ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கொடுக்கும் கடன் நமக்கு வெறும் பேப்பர் செய்தி இல்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் தர ஐஎம்எஃப் ஒப்புக்கொண்டது. மொத்தமாக அல்ல, தவணை தவணையாக. சொன்னதைச் செய்தீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை.

அந்த நிபந்தனைகள் லயத்துக்குள் வந்த விதத்தைச் சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் சராசரியாக 66 சதவீதம் ஏறியது. 2024 ஜனவரியில் வாட் வரி 15-லிருந்து 18 சதவீதமானது. அதுவரை வரிவிலக்கு இருந்த சமையல் கேஸும் உள்ளே வந்தது. எங்கள் பெரியம்மா வீட்டில் கேஸ் அடுப்பைத் துடைத்து, பழைய சேலையைச் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, வரும் வழியில் விறகு பொறுக்கி வந்து மறுபடியும் புகையில் சமையல். அறுபது வயதுக்கு மேல்!

இதைவிட வயிறு எரிவது சேமலாப நிதி, அதாவது நம்ம ஊர் பி.எஃப். மாதிரியான சேமிப்பு, விஷயத்தில். உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கிறோம் என்று 2023-ல் அரசு இறங்கியபோது வங்கிகள் வைத்திருந்த அரசின் ரூபாய்க் கடன் பத்திரங்களில் கை வைக்கவில்லை. தொழிலாளர் சேமலாப நிதியிடம் இருந்த பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் 30 சதவீத வரி. அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று ஆயுசு பூரா சேர்த்த காசு அது.

வாங்கின கடனைக் கட்டித்தானே ஆகணும் என்பார்கள். யார் வாங்கினது? 2019 கடைசியில் வாட்டை ஒரே அடியாக 15-லிருந்து 8-க்கு இறக்கிக் கஜானாவைக் காலி செய்தது தோட்டத்தில் தினக்கூலிக்குப் பேர் போட்டு வேலைக்குப் போகிறவள் இல்லை. பொருளாதார நெருக்கடிக்குக் ஆட்சியில் இருந்த ராஜபக்ச சகோதரர்கள் கோத்தபய, மகிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொறுப்பு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடன் கொடுப்பவர் கணக்குக் கேட்கட்டும், ஒவ்வொரு ரூபாய்க்கும் கேட்கட்டும். யார் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது என்பதை அவர்கள் முடிவு செய்யக் கூடாது.

இது இலங்கையோடு நிற்கிற கதையும் இல்லை. 2003-ல் கானா நாட்டு நாடாளுமன்றம் உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர்களைக் காப்பாற்ற இறக்குமதிக் கோழிக்கு வரியை 20-லிருந்து 40 சதவீதமாக்கியது. ஐஎம்எஃப் முகம் சுளித்தது. வரி ஏற்றம் நிறுத்தப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

கத்தினால் மட்டும் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் தொண்டு அமைப்புகளும் சர்ச்சுகளும் தொழிற்சங்கங்களும் வருஷக்கணக்காக விடாமல் கேட்டன. தனியார்மயத்தையும் சந்தைத் திறப்பையும் ஏழை நாடுகளுக்குத் தரும் உதவிக்கு நிபந்தனையாக்க மாட்டோம் என்று 2005 மார்ச்சில் அந்த அரசு அறிவித்தது. அதே வருஷம் நார்வேயும் அந்த வழிக்கு வந்தது.

நமக்கு இதில் என்ன பிடி? இருக்கிறது. ஐஎம்எஃப் நிர்வாகக் குழுவில் இலங்கைக்குத் தனி நாற்காலி கிடையாது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒரே இயக்குநர். அந்த நாற்காலியில் இருந்து இந்தியா என்ன பேசியது என்று நம் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கலாம். சேமலாப நிதிக்கு இழந்த வட்டியை ஈடு செய்ய வேண்டும், சமையல் கேஸுக்கு வாட் விலக்கு வேண்டும். இந்த இரண்டையும் எழுதி மனு தயார் செய்கிறோம். டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.