செசமி ஸ்ட்ரீட்டுக்கு வந்த விருந்தினர்கள்

'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சிப் பொம்மலாட்ட நிகழ்ச்சியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதில் பிரபலங்கள் தோன்றியதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1969-இல் அதைத் தொடங்கியவர்கள், பெற்றோர் உடன் அமர்ந்து பார்த்தால் குழந்தை கூடுதலாகக் கற்கும் என்று கருதியே பெரியவர்களையும் ஈர்க்கும் கலைஞர்களை அழைத்தார்கள். 1973-இல் அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் தம் இசைக்குழுவுடன் வந்து 'சூப்பர்ஸ்டிஷன்' பாடலை வழங்கியபோது, சிறுவர்களுக்காக அதன் வேகத்தையோ தாளத்தையோ குறைத்துக்கொள்ளவில்லை.

கட்டுரை குறிப்பிடாத இட்சாக் பெர்ல்மனின் பகுதியையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோல்களுடன் நடக்கும் அந்த வயலின் மேதை, ஒரு சிறுமி துள்ளிக்கொண்டு ஏறிய அதே படிகளில் சிரமப்பட்டு ஏறி அமர்கிறார். பிறகு அவள் தட்டுத்தடுமாறி வாசித்த வயலினை அவர் மிக இயல்பாக வாசிக்கிறார். ஒருவருக்கு எளிதானது மற்றவருக்குக் கடினமாகலாம் என்பதை, யாருடைய இரக்கத்தையும் கோராமல், சில நிமிடங்களில் அவர்கள் காட்டிவிடுகிறார்கள். (இப்போதைய நட்சத்திரங்கள் இத்தகைய பகுதிக்கு இசைவார்களா என்பது ஐயமே.)

நிகழ்ச்சியின் இசையமைப்பாளர் ஜோ ரபோசோவுக்குக் கட்டுரை ஒற்றை வரி மட்டும் ஒதுக்கியிருப்பதும் குறைதான். அவர் இந்நிகழ்ச்சிக்காக எழுதிய 'சிங்' பாடலை கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவினர் 1973-இல் பாடி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை கொண்டுசென்றார்கள். தவளைப் பொம்மை கெர்மிட்டுக்காக அவர் அமைத்த பாடலை ஃபிராங்க் சினாட்ராவும் ரே சார்ல்ஸும் பாடினார்கள்.