சூரியன் வீடு மாறிட்டார்

(சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி. நவம்பர் மாத ஞாயிறு, காலை பத்து மணி. நாலாவது மாடி காரிடாரில் மூன்று தொட்டிகளுக்கு முன்னால் சேகர் தலைகுனிந்து நிற்கிறார். எதிர் புளோக் மல்லிகா அக்கா தேக்கா சந்தையில் வாங்கிய கீரைப் பையோடு வருகிறார்.)

மல்லிகா: என்ன தம்பி, யாருக்கு மௌன அஞ்சலி?

சேகர்: லாவெண்டர் அக்கா. ஒரு தொட்டி விலை பதினெட்டு வெள்ளி. ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினேன். தலை தொங்குச்சேன்னு மூணு வேளை ஆக்கினேன்.

மல்லிகா: அப்ப இது சாவு இல்ல, கொலை. புடுங்கு, பாப்போம்.

(செடி எதிர்ப்பே காட்டாமல் கையோடு வருகிறது.)

மல்லிகா: வேரை ரெண்டு விரலால உருவு. பாரு, தோல் கழண்டு வருது, உள்ள நூல் மட்டும் நிக்குது. மோந்து பாரு.

சேகர்: சீ... ஊசிப்போன மாவு.

மல்லிகா: வேர் அழுகல். மண்ணுல காத்து புக இடமில்ல, மூச்சு முட்டிருச்சு. அழுகின வேர் தண்ணிய உறிஞ்சாது, அதான் தலை தொங்குது. நீ தாகம்னு நெனச்சு மறுபடி ஊத்துறே.

சேகர்: அளவா ஊத்தியிருந்தா?

மல்லிகா: இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கும். அதுக்கு ராத்திரி குளிரணும், காத்து காஞ்சிருக்கணும். இங்க ராத்திரியே 25 டிகிரி. காத்தைப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்.

சேகர்: ஏர்கான் ரூம்ல வச்சா?

மல்லிகா: கரண்ட் பில்தான் பூக்கும். ஆமா, தொட்டிக்கு அடியில என்ன தட்டு? அடப்பாவி, தண்ணி தேங்கி நிக்குது! கொசுவுக்குப் பிரசவ வார்டு கட்டி வச்சிருக்கே. முட்டையில இருந்து கொசுவாப் பறக்க ஒரு வாரம் போதும்.

சேகர்: இப்பவே கொட்டிடுறேன்.

மல்லிகா: கொட்டினா மட்டும் போகாது. டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவோட முட்டை தட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டுக் காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். பிரஷ் போட்டுத் தேய். இல்ல, தட்டே வேணாம்னு தூக்கிப் போடு.

சேகர்: காகிதப்பூ வாங்கட்டுமா? மேம்பாலத்துல எல்லாம் கொத்துக் கொத்தாப் பூக்குதே.

மல்லிகா: அங்க நாள் பூரா வெயில். மண்ணும் காயக் காயத்தான் அதுக்குப் பூக்கத் தோணும். நீ மூணு வேளை ஊத்தினா இலையாத் தள்ளி உனக்கு நன்றி சொல்லும்.

சேகர்: அப்பக் கறிவேப்பிலை. சாம்பாருக்காவது ஆகும். இங்க நல்லா வெயில் அடிக்கும்க்கா. ஜூன்ல வீட்டுச் சாவி வாங்கினப்ப நானே பாத்தேன்.

மல்லிகா: இப்ப எங்க அடிக்குது?

(சேகர் எட்டிப் பார்க்கிறார். காரிடார் முழுக்க நிழல்.)

சேகர்: அட! சூரியன் வீடு மாறிட்டாரா?

மல்லிகா: உன் காரிடார் வடக்குப் பாத்தது, என்னோடது தெக்குப் பாத்தது. நாம இருக்கறது பூமத்தியரேகைக்குப் பக்கத்துல. மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் சூரியன் வடக்கால போவார், காலையும் சாயங்காலமும் சாஞ்சு உள்ள வருவார். அப்புறம் தெக்கால போயிடுவார். ஆறு மாசம் உனக்கு, ஆறு மாசம் எனக்கு.

சேகர்: வீடு விக்கறப்ப இதை யாரும் சொல்லலையே!

மல்லிகா: கிழக்கு, மேற்குப் பாத்த வீடுன்னா வருஷம் பூரா அரை நாள் வெயில் உண்டு. மேற்கு வெயில்ல தொட்டி மண்ணே கொதிக்கும், அது வேற கூத்து. எதுக்கும் செடி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தாளை வச்சு, நடுப்பகல்ல ஒரு அடி மேல கையை நீட்டிப் பாரு. நிழல்ல விரல் விரலாத் தெரிஞ்சா நல்ல வெளிச்சம். மொத்தையா விழுந்தா மணி பிளான்ட், மருள், வெற்றிலைக் கொடி. நிழலே விழலைன்னா பிளாஸ்டிக் பூ.

சேகர்: கறிவேப்பிலைக்கு?

மல்லிகா: அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும். தொட்டி 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பாக்கெட்ல வர்ற கறுப்பு மண்ணை அப்படியே கொட்டாதே, கொஞ்ச நாள்ல களியா இறுகிடும். பாதி மண்ணு, கால் பங்கு பெர்லைட்னு விக்கிற வெள்ளைக் கல்பொரி, கால் பங்கு கம்போஸ்ட். விரலை ரெண்டு கணு உள்ள விடு. ஈரம் பட்டா அன்னைக்கு ஊத்தாதே, கையைக் கட்டிக்கிட்டு உக்காரு.

சேகர்: அது ரொம்பக் கஷ்டம்க்கா.

மல்லிகா: நுனியைக் கிள்ளிக்கிட்டே இரு, பக்கக்கிளை வெடிக்கும். பூ வந்தா அதையும் கிள்ளு. பச்சைப் புழு வந்தா கையால எடு. பட்டாம்பூச்சிக் குஞ்சு, ஒரே ராத்திரியில கிளையை மொட்டை அடிச்சிடும்.

சேகர்: தொட்டியைக் கைப்பிடிச் சுவர் மேல வைக்கலாமா? வெளிச்சம் நல்லாப் படுமே.

மல்லிகா: கீழ போறவன் மண்டையிலயும் படும்! சுவரை ஒட்டி உள்பக்கம் ஸ்டாண்ட் போடு. நடக்க 1.2 மீட்டர் வழி விடணும். டேப் வச்சு அள, கண்ணளவு வேணாம்.

சேகர்: எல்லாம் சரி, இப்ப வெயில் இல்லையே. மார்ச் வரைக்கும் என்ன பண்றது?

மல்லிகா: ஹாலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் தெற்கால தானே?

சேகர்: அது மாமியார் ரூம். செடி வந்தா எறும்பு வரும்பாங்க.

மல்லிகா: அப்ப இப்பவே வாங்கி என் காரிடார்ல விடு. மார்ச் கடைசியில வந்து தூக்கிக்கிட்டுப் போ. செப்டம்பர் முடிஞ்சதும் திரும்பக் கொண்டு வா.

சேகர்: வாடகை?

மல்லிகா: வாரம் நாலு கொத்து.

சேகர்: செடியில அவ்வளவுதானேக்கா இருக்கும்!

மல்லிகா: அதான் சொன்னேனே, கிள்ளிக்கிட்டே இருக்கணும்னு.