பாரம் தூக்கினது மட்டும் காரணமில்லை

நாரி நோவுக்கு, அதாவது கீழ் முதுகு வலிக்கு, நோய் எதிர்ப்புத் தொகுதியும் காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் அப்பாவின் நினைவுதான் வந்தது. திருகோணமலை உப்புவெளியில் கரைவலை இழுத்த மனிதர், எல்லாப் பழியையும் வலையின் மேலேயே போடுவார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கிற வட்டின் நடுக்கூழில் இரத்தக்குழாயே இல்லை, அதனால் எதிர்ப்புக் கலங்களுக்கு அது அறிமுகமில்லாத பொருள். வெளிவளையம் கிழிந்து கூழ் பிதுங்கினால் அந்நியன் என்று அந்தக் கலங்கள் பாய்கின்றன, அழற்சியில் நரம்பு எரிந்து கால்வரை இழுக்கிறது. ஆனால் அதே எதிர்ப்புக் கலங்களில் ஒரு வகையான பெருவிழுங்கிகள்தான் பிதுங்கியதைத் தின்று கரைப்பதும்! பலருக்குச் சில மாதங்களில் கத்தி வைக்காமலே சுருங்கிவிடுகிறது. கட்டுரை இதை விட்டது சரியில்லை, ஸ்கேனைப் பார்த்ததும் பயந்து கத்தி வைக்க ஓடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அப்புறம், கால் பலமிழந்தாலோ சலம் போகாமல் அடைத்தாலோ ஒரு நாளும் பொறுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.