அடி வாங்கிய பிள்ளைகளுக்கு இப்படி முத்திரை குத்தாதீர்கள்

அண்ணா, "தொடர் கொலைகாரர்கள் எல்லாருமே சின்ன வயதில் அடி வாங்கியவர்கள்தான், அதனால் பென்னாகரம் பக்கம் விடுதிப் பிள்ளைகளிடம் உஷாராக இருங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். முதல் பாதி தவறு. இரண்டாவது பாதி அதைவிட மோசம்.

அந்தக் கொலைகாரர்களில் பலருடைய குழந்தைப்பருவம் கொடுமையானது என்பது உண்மைதான். எல்லாருக்கும் அப்படி இல்லை. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவில் அடி, புறக்கணிப்பு என்று நீதிமன்றத்தில் பதிவான 908 பிள்ளைகளின் பிற்காலத்தைக் கேத்தி விடம் என்ற உளவியல் ஆய்வாளர் ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். வன்முறைக் குற்றத்தில் கைதானவர்கள் சுமார் 11 சதவீதம். அப்படிப் பதிவு இல்லாதவர்களில் சுமார் 8. ஆபத்து கூடுகிறது, சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இது எல்லா வன்முறைக்குமான கணக்கு; தொடர் கொலை அதில் மிக மிக அரிது.

அப்புறம், அடி வாங்கிய பிள்ளைகளுக்கு ஆளுமைக் கோளாறு இருக்கும் என்ற பேச்சு. சமூகவிரோத ஆளுமைக் கோளாறு, அதாவது பிறர் உரிமையை மதிக்காமலே நடக்கும் இயல்பு, என்று 18 வயதுக்கு முன் மனநல மருத்துவரே முடிவு செய்யக்கூடாது. விடுதிப் பையனைப் பார்த்து நாம் எப்படிச் சொல்வது? பெரியவர்களிடமும் கோளாறு என்றால் கொலை என்று ஆகிவிடாது. கோளாறு இருப்பதும் சித்தம் கலங்குவதும் ஒன்றல்ல: அமெரிக்கத் தொடர் கொலைகாரர் ஜெஃப்ரி டாமருக்கு ஆளுமைக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்லியும், 1992இல் ஜூரி அவர் சித்த சுவாதீனத்தோடு இருந்தவர் என்றுதான் தீர்ப்பளித்தது.

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. முழங்கையில் பெல்ட் தழும்பு. சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்த பிறகுதான் தட்டை நீட்டுவான். உங்கள் பதிவை அவன் பாட்டி வீட்டிலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசி வரியையாவது எடுத்துவிடுங்கள். அடி விழும் வீடு தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள்.