பன்னிரண்டு என்று விற்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் எத்தனை?

சென்ற வாரம் சனிக்கிழமை, வண்டிப்பெரியாற்றிலிருந்து என்னிடம் கீபோர்டு கற்க வரும் தம்பி, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கைபேசியை நீட்டினான். "அண்ணே, பன்னிரண்டு சிந்தசைசர். மொத்தமாக 3,500 ரூபாய். ஒன்றுக்கு 300 ரூபாய்கூட ஆகவில்லை. இன்னும் எட்டு நாள்தான் இந்த விலை. வாங்கிவிடட்டுமா?"

அவன் காட்டியது ஒரு மென்பொருள் தொகுப்பு. சிந்தசைசர் என்றால் மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் வாத்தியம்; இவை கணினியில் ஏற்றி, கீபோர்டை இணைத்து வாசிப்பவை. அவனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களிலும் மலைமேல் தேவாலயப் பெருநாள்களிலும் இன்னிசைக் குழுவோடு போய் வாசிக்கிறான். ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அந்தக் கணக்கில் 3,500 என்பது குளிரில் விடிய விடிய உட்கார்ந்து வாசித்த மூன்றரை இரவுகள். அந்தப் பணத்துக்குப் போகிறபோக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஒரு வாரம் பொறு, டெமோவை இறக்கிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். நான்கு இரவுகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டையும் கேட்டேன். இதே விளம்பரம் கம்பம், குமுளி ஊர்களில் எனக்குத் தெரிந்த வாத்தியக்காரர்கள் பலருடைய கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். விற்பவர் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரித் தொகுப்புகளை வேறு பலரும் விற்கிறார்கள்.

முதலில் ஒரு பேச்சை ஒதுக்கிவிட வேண்டும். எங்கள் குழுவின் மூத்த வாத்தியக்காரர் ஒருவர் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும், "நாலு குமிழ்தான் இருக்கிறது, இது விளையாட்டுச் சாமான்" என்றார். இதை நான் ஏற்கவே மாட்டேன். 1970இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் ஒலியைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டர்கள் மூன்று, அதைச் செதுக்கும் ஃபில்டர் ஒரே ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ரோலண்ட் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த எஸ்.எச்.101 சிந்தசைசரில் ஆசிலேட்டரே ஒன்றுதான். இன்றைக்கும் அந்த இரண்டின் பேஸ் (கீழ் ஸ்தாயி) ஒலியைத் தேடி அலைகிறார்கள். குமிழ் குறைவாக இருப்பதால் ஒரு வாத்தியம் தாழ்ந்துவிடாது. நம் நாதஸ்வரத்தில் எத்தனை துளை இருக்கிறது?

நாதஸ்வரத்தை வைத்தே சொன்னால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிகிறது. சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் கீச்சென்று ஒரு முரட்டு ஒலி வரும். ஆசிலேட்டர் தருவது அதுதான். குழலும் அதன் அடியில் விரியும் அணசும் அதில் சிலவற்றைத் தாங்கிப் பிடித்து, சிலவற்றை அமுக்கி, நமக்குப் பழகிய நாதமாக்குகின்றன. ஃபில்டரின் வேலை அது. ஊதுபவரின் மூச்சு எப்படி எழுகிறது, எங்கே நிற்கிறது, எப்படி அடங்குகிறது என்பதுதான் என்வெலப். இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற எளிய சிந்தசைசரைப் போல் நல்ல ஆசிரியர் வேறில்லை. பிரீசெட் என்னும் ஆயத்த ஒலிகள் ஆயிரம் உள்ள பெரிய மென்பொருளில் பிள்ளைகள் பட்டியலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று கடைசிவரை தெரிந்துகொள்வதில்லை. மேடையிலும் எளியதுதான் கைகொடுக்கும். பாடகி சுருதியை மாற்றி, தபேலாக்காரர் வேகத்தைக் கூட்டிய நேரத்தில் நான்காவது பக்கத்தில் ஒளிந்திருக்கும் குமிழை யார் தேடுவது?

ஆகவே எளிமையில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. என் சண்டை அந்தப் 'பன்னிரண்டு' என்ற எண்ணோடுதான்.

முதல் இரவே சந்தேகம் வந்தது. ஒன்றுக்குச் சிவப்பு முகப்பு, ஒன்றுக்கு மரச்சட்டம், இன்னொன்றுக்குப் பழைய வானொலிப் பெட்டியின் சாயல். ஆனால் எதிரொலி, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆசிலேட்டர் தரும் மூல ஒலிகளில் ஒன்றான ரம்பப்பல் அலையை மட்டும் வாசித்தால் பல பெட்டிகளில் (ஒவ்வொரு சிந்தசைசரையும் இப்படித்தான் சொல்கிறேன்) ஒரே குரல் கேட்டது. காதை மட்டும் நம்பி ஒருவரைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். இரண்டு பெட்டிகளில் ஒரே சுரத்தை, அலை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் தொடங்கும்படி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து ஓடவிட வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றென்றால் ஒன்றையொன்று தின்று மௌனமாகிவிடும். பன்னிரண்டில் ஐந்து பெட்டிகள் இப்படி முழு மௌனமாயின. ஃபில்டரைத் திறந்து மூடியும் பார்த்தேன், அப்போதும் மௌனம்தான். ஐந்து பெயர், ஐந்து படம், உள்ளே ஒரே இயந்திரம். மீதி ஏழில் மூன்று, அதே இயந்திரத்தில் ஒரு குமிழை எடுத்துவிட்டோ சேர்த்தோ செய்தவை. உண்மையில் வேறு வேறு என்று சொல்லத்தக்கவை ஐந்துதான்: அந்தப் பொது இயந்திரம், ஒரு ஆர்கன், ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் ஒரு எஃப்.எம். பெட்டி (வானொலி அல்ல), கம்பி வாத்தியத்துக்கான ஒன்று, பிறகு ஒற்றைச் சுர பேஸ் ஒன்று. ஒன்றுக்கு 300 ரூபாய் என்று தம்பி போட்ட கணக்கு அங்கேயே 700 ஆகிவிட்டது.

இரண்டாம் இரவு மேல் ஸ்தாயிக்குப் போனேன். கணினியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது என்றால், 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதையும் அது உள்ளபடி தாங்க முடியாது. ரம்பப்பல் அலையின் மேல் நாதங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) அந்த எல்லையைத் தாண்டினால், கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் அவற்றை வடிகட்டிவிடும். அவசரத்தில் எழுதப்பட்டதில் அவை சுவரில் மோதிய பந்து போலக் கீழே திரும்பிவந்து, வாசிக்கும் சுரத்தோடு எந்த உறவும் இல்லாத அபசுரமாக ஒலிக்கும். கண்டுபிடிப்பது எளிது. கீபோர்டின் மேல் கோடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு, சுரத்தை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீலை மெல்ல மேலே தள்ளுங்கள். சுரம் ஏறும்போது உள்ளே ஏதோ ஒன்று கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அதுதான் அது. பொது இயந்திரத்தில் இது தெளிவாகக் கேட்டது. ஒற்றைச் சுர பேஸ் பெட்டியில் கொஞ்சமும் இல்லை. அந்த ஒன்றை எழுதியவர் காதுள்ள மனிதர்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பது. வெளிநாட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. நமக்கு இது இல்லாமல் பாட்டே இல்லை. தோடியில் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைய வேண்டும். சாதாரண காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே இரண்டு சுரஸ்தானம் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை இரண்டையும் எண்ணினால் இரண்டு கட்டை) இறங்கினால் சுத்த ரிஷபம், மேலே இரண்டு ஏறினால் சுத்த மத்தியமம். சிந்தசைசர்களில் பிட்ச் வீல் வழக்கமாக இரண்டு சுரஸ்தானம்தான் வளையும். ஆக அந்த அசைவு மயிரிழையில் தப்பித்துவிடும். ஆனால் சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் ஜாருவாக, அதாவது வழுக்கிக்கொண்டு, போக ஏழு சுரஸ்தானம் வேண்டும். வளைவின் அளவைப் பன்னிரண்டுவரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா? ஒரு விரலை எடுக்காமல் அடுத்த விரலை வைத்தால் ஒலி புதிதாகத் தட்டாமல் வழுக்கிச் செல்கிறதா? இந்தத் தொகுப்பில் ஒன்பது பெட்டிகளில் வளைவின் அளவை மாற்றவே முடியவில்லை. பேஸ் பெட்டியில் இரண்டும் முடிந்தது. பேஸுக்கென்று செய்ததை இரண்டு ஸ்தாயி மேலே ஏற்றி, ஃபில்டரைப் பாதி மூடி, மாயாமாளவகௌளையில் ஒரு கால் மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு தாண்டியது தெரியவில்லை.

இனிச் சொல்வது என் சொந்த அனுபவம். பல வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு தொகுப்பை வாங்கினேன். ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேவாலயப் பெருநாள் மேடை. நல்ல மழை. முந்தைய வாரம்தான் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தேன். வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேடையில் மூன்றாவது பாட்டுக்கு முன் திரையில் ஒரு சாளரம் எழுந்து நின்றது: உரிமத்தை இணையத்தில் மீண்டும் உறுதி செய்ய வேண்டுமாம். அந்த மலை மடிப்பில் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். மழையில் குடை பிடித்தபடி முந்நூறு பேர் காத்திருக்கிறார்கள். கீபோர்டில் உள்ள சாதாரண பியானோ ஒலியை வைத்துக்கொண்டு மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தேன். காசு கொடுத்து வாங்கிய பொருள், பூட்டிய வீட்டுக்குள் சாவியைப் போட்டதுபோல. ஊருக்கு இறங்கி எழுதிக் கேட்டால், அந்தத் தொகுப்பை அவர்கள் நிறுத்திவிட்டார்களாம், புதிய பதிப்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னமும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் மலைப்பகுதியில் வாசிக்கிறவர்கள் ஒலியைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: இணையம் இல்லாமல் ஓடுமா, ஓடுமென்றால் எத்தனை நாள்? உரிமம் கோப்பாகக் கையில் கிடைத்தால் நிம்மதி. தம்பி இருப்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். ஆனி, ஆடி மழையில் அங்கே மின்சாரமே நிலையில்லாதபோது இணையத்தை யார் நம்புவது? இந்தத் தொகுப்பு முப்பது நாளுக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டச் சொல்கிறது. அதோடு பன்னிரண்டில் நான்கு இன்னும் பழைய 32 பிட் மென்பொருள் வடிவத்திலேயே இருக்கின்றன. இன்றைய இசைப்பதிவு மென்பொருள்கள் பலவற்றில் அவை நேராகத் திறக்காது. விளம்பரத்தில் இது கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

விலையும் 3,500இல் நிற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 4,130 ஆகிறது. டாலரில் போகும் பணம் என்பதால் அதற்கு மேல் வங்கி தன் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும்.

இலவசமாகக் கிடைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியவே தெரியாது. சர்ஜ் என்ற சிந்தசைசர் ஒரு காலத்தில் விலைக்கு விற்றது. அதை உருவாக்கியவரே 2018இல் நிரல் முழுவதையும் பொதுவில் வைத்துவிட்டார். இன்று அது சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் தன்னார்வலர்களின் கையில் வளர்கிறது. யமஹாவின் டி.எக்ஸ்.7 கீபோர்டு 1983இல் வந்தது. அதன் எஃப்.எம். ஒலியை அப்படியே தரும் டெக்ஸெட் என்ற மென்பொருள் இலவசம். வைட்டல் என்ற இன்னொரு சிந்தசைசருக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஆனால் பழைய லேப்டாப்பை அது மூச்சுத் திணற வைக்கும். தொகுப்பில் உள்ள எஃப்.எம். பெட்டியையும் டெக்ஸெட்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். காசு கேட்பதைவிட இலவசமானது எல்லா வகையிலும் மேல். பொது இயந்திரம் செய்வதையெல்லாம் சர்ஜின் ஒரு மூலை செய்துவிடுகிறது. சர்ஜின் முகப்பு புதியவர்களுக்கு மலைப்பாக இருக்கும், அது உண்மை. முதல் மாதம் ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர் தவிர வேறெதையும் தொடாதே என்று என் மாணவர்களுக்குக் கட்டளை போட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, அதாவது நேற்று, தம்பி வந்ததும் அவனுடைய லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். விசையை அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்துத்தான் ஒலி வந்தது. அமைப்பைப் பார்த்தால் பஃபர், அதாவது கணினி ஒலியை ஒரு நேரத்தில் எத்தனை அளவீடுகளாகச் சேர்த்து அனுப்புகிறது என்பது, 1,024 என்று இருக்கிறது. 44,100 வேகத்தில் அது மட்டுமே 23 மில்லிசெகண்டு, விண்டோஸ் தன் பங்குக்குச் சேர்ப்பது தனி. 256க்குக் குறைத்தால் 6 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும், ஆனால் அவன் லேப்டாப்பின் ஒலியட்டை அந்த வேகத்தில் படபடவென்று வெடிக்கிறது. இவ்வளவு நாள் தாளம் தவறுகிறது என்று நான் அவனைத்தான் கடிந்துகொண்டிருந்தேன். பிள்ளையின் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு மனம் கலங்கிவிட்டது. இவனுக்கு முதலில் வேண்டியது ஒரு சிறிய ஆடியோ இண்டர்ஃபேஸ், அதாவது ஒலியட்டையின் வேலையை வெளியிலிருந்து செய்யும் கருவி. கையில் உள்ள 3,500ஓடு இன்னும் இரண்டு மூன்று திருவிழா சேர்ந்தால் அது கைக்கு வந்துவிடும்.

தொகுப்பை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அந்த விலை இன்றோடு போய்விடும் என்ற கவலை. இதே விலை தீபாவளிக்கும் வரும், கிறிஸ்துமஸுக்கும் வரும், எத்தனை வருடமாகப் பார்க்கிறேன். அந்த பேஸ் பெட்டியைத் தனியாக விற்கிறார்களா என்று தேடினேன். 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 32 பிட் தொல்லை இல்லை, தனியாக வாங்கினால் உரிமம் கோப்பாகவே வருகிறது. எனக்கென்று அதை வாங்கிவிட்டேன். வாரம் ஒருமுறையாவது வாசிப்பேன் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வாத்தியத்துக்கு 900 ரூபாய் எனக்குச் சம்மதம்.

மாலையில் குமுளி பஸ்ஸுக்குப் புறப்படும்வரை இருவரும் சர்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் அந்த விளம்பரத்தில் கேட்டு ஆசைப்பட்ட ஒலியை ஒவ்வொரு குமிழாகத் திருகி உண்டாக்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது. கோப்புக்கு அவன் தன் அம்மாவின் பெயரை வைத்துச் சேமித்துக்கொண்டான்.

இப்படிப்பட்ட தொகுப்பை வாங்கியவர்கள் இதைப் படித்தால், வாங்கி ஒரு வருடம் கழித்தும் அதில் எதை, எந்தப் பாட்டுக்கு வாசிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தம்பியும் படிப்பான்.