குய்லின்-பாரே பாதிப்பு மறைக்கப்பட்டதா?

தடுப்பூசியால் வரும் நரம்புப் பாதிப்புகளை அமெரிக்க அரசு எப்போதும் மறைத்தே வந்திருக்கிறது என்று பரவும் செய்தி தவறானது. 1976-இல் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட நிலையில், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் குய்லின்-பாரே நோய் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டதால், அந்த டிசம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. கூடுதல் பாதிப்பு லட்சத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. அந்த ஒருவரின் துன்பம் சிறியதன்று. 2021 ஜூலையில், ஜான்சன் அண்ட் ஜான்சன் கொரோனா தடுப்பூசியின் சுமார் 1.25 கோடி டோஸ்களுக்கு 100 முதற்கட்டப் புகார்கள் வந்த நிலையில், இதே நோய் குறித்த எச்சரிக்கை வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. புகாரை எவரும் பதியலாம் என்பதாலும், வயிற்றுப்போக்குக் கிருமித் தொற்றுக்குப் பின்னும் இந்நோய் வரக்கூடும் என்பதாலும், புகார்களின் எண்ணிக்கை வழக்கமான அளவோடு ஒப்பிடப்பட்ட பிறகே தடுப்பூசிதான் காரணமா என்பது முடிவுசெய்யப்படுகிறது.