வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய நிலம்?

நேற்று விடிகாலை அம்மா வந்து எழுப்பினார். கொல்லையில் மரவள்ளிப் பாத்தி முழுக்க உழுது போட்ட மாதிரி கிடந்தது. கிழங்கில் பாதியைத் தின்று, மீதியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன காட்டுப்பன்றிகள். கம்பி வேலிக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைப் பறித்து வழி செய்திருந்தன. கம்பியில் சேறு காய்ந்த முடி நாலைந்து ஒட்டியிருந்தது. எட்டு மாதப் பயிர். அம்மா ஒன்றும் பேசவில்லை. முறிந்த குச்சிகளில் மறுபடி நடத் தேறுவதைப் பொறுக்கிக் கட்டி வைத்தார்.

கோலசிலாங்கூர் பக்கம், தோட்டத்தை விற்றுத் தாமான் (குடியிருப்பு) கட்டிய ஊர் எங்களுடையது. என் வேலிக்கு அந்தப் பக்கம் ஆற்றோர ரிசர்வ் நிலம், அரசாங்கத்துடையது. அக்கரையில் செம்பனை. பன்றி இரவில் உதிர்ந்த செம்பனைப் பழம் தின்கிறது, பகலில் ரிசர்வ் புதரில் வந்து படுக்கிறது. நடுவில் இருப்பது எங்கள் கொல்லை.

அந்த ரிசர்வ் புதரையும் புல்லையும் வெட்டச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? ஓர் அலுவலகத்தில் கேட்டால் ஆறு வேறு துறை என்றார்கள். அந்தத் துறையில் புல் எங்கள் வேலை இல்லை என்றார்கள். பன்றிக்கு இன்னொரு துறை. மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்பு என் காலி மனையில் புல் இடுப்பளவு வளர்ந்தபோது, பதினான்கு நாளில் வெட்டு என்று எனக்கு நோட்டீஸ் வந்தது. வெட்டினேன். கொசு வரும், பாம்பு வரும், நியாயமான உத்தரவுதான். அதே நியாயம் என் வேலியோடு ஏன் நின்றுபோகிறது?

அந்த நிலத்தை மூடியிருப்பது பெரும்பாலும் மைக்கானியாக் கொடி. மலாய்க்காரர்கள் செலாபுட் துங்குல் என்பார்கள், அடிமரத்தைப் போர்த்துகிற சவ்வு என்று அர்த்தம். பொருத்தமான பேர். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி இது. நல்ல மழைக்காலத்தில் ஒரே நாளில் 8 சென்டிமீட்டர் வரை நீளும். விதைக்குப் பஞ்சு உண்டு, காற்றில் பறந்து வரும். கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வெள்ளையாக வேர் முளை நிற்கும். ஒரு கணு ஈர மண்ணில் விழுந்தால் போதும், தனிச் செடி ஆகிவிடும். நான் மாதா மாதம் என் பக்கத்தை வெட்டுகிறேன். பதினைந்து நாளில் வேலி மேலேறி முருங்கையைப் பிடித்துவிடுகிறது.

சரி, நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய கொடியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசுகிறவர்கள் நாம்தான். அது அங்கே வேர் விட்டுத் திரும்ப வருகிறது. டுரியான் தோல், பழைய சோறு, எல்லாம் அங்கேதான் போகிறது. எலியும் குரங்கும் வராமல் என்ன செய்யும்?

சேதம் ஒரு பக்கமாகவும் போவதில்லை. நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். பக்கத்துச் செம்பனையில் தின்று பெருகிய பன்றிகள் குட்டி போட மெத்தை கட்ட, காட்டின் இளங்கன்றுகளை ஆயிரக்கணக்கில் ஒடித்திருந்தன. தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்த இடத்தில் 24 ஆண்டுகளில் கன்றுகள் 62 விழுக்காடு குறைந்துபோயின. தனியார் நிலத்தின் தீனி அரசாங்கக் காட்டைத் தின்றிருக்கிறது.

சுட்டுவிடலாமே என்கிறார்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாட முடியாது. சுருக்குக் கம்பி வைப்பதும் குற்றம். தெரு நாயும் மாட்டும், விளையாடுகிற பிள்ளையின் காலும் மாட்டும். தயவுசெய்து வேண்டாம்.

மருந்தடி என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அம்மா தோட்டத்தில் பதினாறு வருடம் முதுகில் டாங்கி சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தவர். கை நகங்கள் வெளுத்து, கழன்று விழுந்து, மறுபடி கோணலாக முளைத்தவை இன்றும் அப்படியே இருக்கின்றன. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 சனவரி முதல் நாளில்தான் உண்மையாகவே தடை வந்தது. ஆற்றங்கரையில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தண்ணீரில்தான் மீன் பிடிக்கிறோம்.

அம்மா காலத்தில் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த மண்டோர் எல்லைக் கானை இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் சுத்தம் செய்ய வைப்பாராம். முழு நிலமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்ததால் அது நடந்தது. இப்போது துண்டு துண்டாகப் பிரித்த பிறகு, நடுவில் இருக்கும் பட்டை யாருக்கும் சொந்தமில்லாதது போல் கிடக்கிறது. நான் கேட்பதும் அந்த ஒரே வாரத்தைத்தான். அரசாங்கம் தன் பக்கம் ஒரு பத்தடியை வெட்டட்டும், அதே வாரத்தில் நாங்கள் எங்கள் பக்கத்தை வேரோடு பிடுங்குகிறோம். பூக்கும் முன்பே செய்ய வேண்டும். அப்புறம் அந்தப் பத்தடியில் நிழல் மரம் நட அனுமதி வேண்டும். நிழல் விழுந்த இடத்தில் லாலான் புல் தலை தூக்காது, மைக்கானியாவும் சோர்ந்துவிடும்.

எங்கள் வரிசையில் பதினொரு வீடு. இதைக் கேட்கும் கடிதத்தில் ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டாயிற்று. மீதி நாலு வீட்டாரும் இதைப் படித்தால், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அண்ணன்மாரே, அக்காமாரே. திங்கட்கிழமை காலையில் கடிதத்தை மூன்று அலுவலகத்துக்கும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பிடுங்கிய கொடியைப் போட கோணிப்பை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.